தானாகச் சாய்ந்ததா, சாய்க்கப்பட்டதா? – இரும்பு மீக்கடத்திகளில் திரிபும் ஒழுங்கும்

1

'திரிபு' என்ற சொல் நம் வட்டாரத்தில் நல்ல பெயர் எடுத்ததல்ல. திரிபு என்றதும் திரிபுவாதம் ஞாபகத்துக்கு வரும். யார் யாரைத் திரிபுவாதி என்று சொல்லி வெளியே தள்ளினார்கள் என்ற பழைய கணக்குகள் வரும். பந்தலூரில் நாங்கள் நாலைந்து பேர் மாதம் ஒருமுறை கூடிப் படிக்கிறோம். இயற்பியலிலும் திரிபு என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று அங்கே சொன்னபோது ஒரு தோழர், "அங்கயுமா?" என்றார். அங்கேயும்தான். ஆனால் அங்கே அது வசைச்சொல் அல்ல, ஓர் அளவு. ஒரு மீட்டர் கம்பியை இழுத்து ஒரு மில்லிமீட்டர் நீளச் செய்தால் அதன் திரிபு ஆயிரத்தில் ஒன்று. ஓரலகு பரப்பின் மேல் இழுக்கிற விசையைத் தகைவு என்கிறார்கள். கை தருவது தகைவு, பொருளில் நிகழ்வது திரிபு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இதை எழுத இரண்டு காரணங்கள். முதலாவது, நாம் அறிவியலிலிருந்து உருவகங்களைக் கடன் வாங்குவதில் தாராளமானவர்கள். குவாண்டம், ஒழுங்கின்மை, சார்பியல் எல்லாம் நம் கட்டுரைகளில் வந்து போய்விட்டன. அந்தக் கருத்தாக்கங்கள் அவற்றின் சொந்த வீட்டில் என்ன வேலை செய்கின்றன என்று விசாரித்தவர்கள் குறைவு. 1996இல் ஆலன் சோக்கல் என்ற அமெரிக்க இயற்பியலாளர், அறிவியல் சொற்களை அர்த்தமில்லாமல் கோத்து ஒரு கட்டுரை எழுதி, 'சோஷியல் டெக்ஸ்ட்' என்ற கோட்பாட்டு இதழில் அச்சேற்றி, பிறகு அதைத் தானே அம்பலப்படுத்தியது நினைவிருக்கலாம். அவருடைய அரசியலோடு உடன்படாதவர்களும் அந்தக் குட்டை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டாவது காரணம் ஒரு கேள்வி. அழுத்தத்தின் கீழ் ஒரு பொருள் ஓர் ஒழுங்கைக் காட்டினால் அந்த ஒழுங்கு பொருளுடையதா, அழுத்தியவருடையதா? விசாரணைக் கமிஷன், குடிமதிப்பு, கையெழுத்து இயக்கம் என்று பல இடங்களில் நாம் கேட்ட கேள்வி இது. கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளாகச் சில இயற்பியலாளர்கள் இதே கேள்வியைத் தீக்குச்சித் தலையைவிடச் சிறிய படிகங்களிடம் கேட்டு வந்திருக்கிறார்கள். பதில் கிடைத்தது என்பதைவிட, கேட்கும் முறை ஒன்று கிடைத்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2

முதலில் இரும்பின் கதை. 1911இல் ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ், பாதரசத்தைச் சுமார் 4.2 கெல்வினுக்கு, அதாவது பனிக்கட்டி உறையும் நிலைக்குக் கீழே ஏறத்தாழ 269 டிகிரிக்குக் குளிரவைத்தபோது அதன் மின்தடை அடியோடு மறைந்ததைக் கண்டார். இதுதான் மீக்கடத்தல். எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, எதிலும் முட்டாமல் ஓடும் நிலை. காந்தத்துக்கும் இதற்கும் ஆகாது என்பது வெகுகாலப் பாடம். காந்த அணுக்களைக் கொஞ்சம் கலந்தாலே இந்த ஜோடிகள் கலைந்துபோகும். ஆகவே இரும்பைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. இரும்பு என்றாலே காந்தம்தானே.

2008இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிதேயோ ஹொசோனோவின் குழு இரும்பும் ஆர்சனிக்கும் லாந்தனமும் கொண்ட ஒரு சேர்மத்தில், ஆக்சிஜனின் இடத்தில் கொஞ்சம் ஃபுளோரின் சேர்த்து, 26 கெல்வினில் மீக்கடத்தலைக் கண்டது. சில மாதங்களுக்குள் சீனக் குழுக்கள் லாந்தனத்துக்குப் பதில் சமேரியத்தை வைத்து அதை 55 கெல்வினுக்கு உயர்த்தின. விரோதி என்று விலக்கப்பட்டிருந்த இரும்பே மேடையின் நடுவுக்கு வந்துவிட்டது.

இந்தக் குடும்பத்தில் நாம் பார்க்கப்போவது பேரியமும் இரும்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த படிகம். சுத்தமாக இருக்கும்போது இது மீக்கடத்தி அல்ல, ஒருவகைக் காந்தம். இரும்பில் சில சதவீதத்தை எடுத்துவிட்டுக் கோபால்ட் சேர்த்தால் காந்தம் தளர்ந்து மீக்கடத்தல் எழும். ஆக, காந்த ஒழுங்கும் மீக்கடத்தலும் இங்கே பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஒரு வீட்டில் நடப்பது தெரியாமல் அடுத்த வீட்டைப் புரிந்துகொள்ள முடியாது.

3

இந்தப் படிகத்தில் இரும்பு அணுக்கள் சதுரக் கட்டங்களாகத் தட்டையான அடுக்குகளில் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு இரும்பு அணுவுக்கும் நாலு பக்கத்திலும் ஒரே தூரத்தில் நாலு அண்டைவீட்டார். கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு என்று பேர் வைத்துக்கொண்டால் இரண்டு திசையும் சரிசமம். ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்த முள் என்று வைத்துக்கொள்வோம். அறை வெப்பத்தில் முட்கள் எல்லாம் மனம்போன போக்கில் ஆடிக்கொண்டிருக்கும்.

சுமார் 140 கெல்வினுக்குக் குளிர்வித்தால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. சதுரம் கொஞ்சம் நீண்டு செவ்வகமாகிறது. நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கூடவே காந்த முட்கள் வரிசை கட்டுகின்றன. நீண்ட திசையில் அடுத்தடுத்த முட்கள் எதிரெதிராக நிற்கும், குறுகிய திசையில் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். பாய்க்கோடு மாதிரி. கோடு கிழக்கு மேற்காகவும் ஓடலாம், வடக்கு தெற்காகவும் ஓடலாம். சதுரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம். கோபால்ட் கலந்த படிகங்களில் இந்த இரண்டு காரியமும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. குளிரக் குளிர முதலில் திசை முடிவாகிறது, இன்னும் சில டிகிரி கீழே போன பிறகே முட்கள் உறைகின்றன. நடுவிலிருக்கும் அந்த நிலைக்குத்தான் நெமாட்டிக் ஒழுங்கு என்று பெயர். கிரேக்கத்தில் நூல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து, திரவப் படிகங்களைக் குறிக்க 1922இல் ஜார்ஜ் ஃபிரிதெல் உண்டாக்கிய பெயர் அது.

எஸ்டேட்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுகிறார்கள். வரிசை இந்தப் பக்கமாக ஓடணும் என்பது முடிவாகிவிட்டது. ஆனால் வரிசையில் நிற்பவர்கள் இன்னும் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், யார் எந்தப் பக்கம் முகம் வைப்பது என்று முடிவாகவில்லை. இது நெமாட்டிக் நிலை. பேர் கூப்பிட ஆரம்பித்ததும் முகங்கள் ஒழுங்குக்கு வருகின்றன. அது காந்த நிலை. திசை வேறு, முகம் வேறு. முகம் முடிவாகாமலேயே திசை முடிவாக முடியும்.

இப்படி நடக்கலாம் என்று 1990இலேயே பிரேமளா சந்திரா, பியர்ஸ் கோல்மன், அனத்தோலி லார்க்கின் ஆகிய மூவரும் ஒரு கோட்பாட்டுக் கட்டுரையில் சொல்லியிருந்தார்கள். அப்போது இரும்பு மீக்கடத்திகள் கண்டுபிடிக்கப்படவே இல்லை. அலையும் காந்த முட்கள் உறைவதற்கு முன்பே தங்களுக்குள் ஒரு திசையைத் தேர்ந்துவிடும் என்பது அவர்கள் வாதம். பதினெட்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கணக்குக்கு ஒரு பொருள் கிடைத்தது.

4

இனிதான் சிக்கல். படிகம் முழுவதும் ஒரே திசையைத் தேர்வதில்லை. ஒரு துண்டில் கோடு கிழக்கு மேற்காகவும் பக்கத்துத் துண்டில் வடக்கு தெற்காகவும் ஓடுகிறது. இரட்டைப் பகுதிகள் என்கிறார்கள். மின்னோட்டத்தைச் செலுத்தித் தடையை அளந்தால் இரண்டு திசையும் கலந்த சராசரிதான் கிடைக்கும். உள்ளே ஒவ்வொரு மூலையிலும் தெளிவான பாரபட்சம். வெளியே பார்த்தால் சமத்துவம். சராசரிகளோடு பழகிய நமக்கு இது புதிதல்ல.

இதைத் தாண்ட 2010இல் ஸ்டான்ஃபோர்டில் இயன் ஃபிஷரின் குழு – ஜியுன்-ஹாவ் சூ முதலியோர் – ஒரு நேரடியான வேலை செய்தார்கள். படிகத்தை ஒரு சிறு இடுக்கியில் வைத்து ஒரு பக்கமாக இறுக்கிக்கொண்டே குளிர்வித்தார்கள். மேட்டுநிலத்தில் தேயிலை வரிசை சரிவுக்குக் குறுக்காக ஓடுவதுபோல, இறுக்கத்தின் சரிவில் எல்லாப் பகுதிகளும் ஒரே திசைக்கு வந்தன. சமதளத்தில் எப்படி வேண்டுமானாலும் நடலாம். கொஞ்சம் சாய்வு இருந்தால் அது முடிவு பண்ணிவிடும்.

கிடைத்த முடிவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. முட்கள் எதிரெதிராக நிற்கும் நீண்ட திசையில்தான் தடை அதிகம் இருக்கும் என்று தோன்றும். அங்கேதான் எலக்ட்ரானுக்கு ஒவ்வோர் அடியிலும் முறைப்பு. ஆனால் மின்னோட்டம் அந்தத் திசையில்தான் சுலபமாகப் போனது. குறைந்த அளவு கோபால்ட் சேர்த்த சில படிகங்களில் குறுகிய திசையின் தடை நீண்ட திசையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அணுக்களின் இடைவெளியில் வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. மின்தடையில் நூறு சதவீதம். எலக்ட்ரான்கள் அணுக்கட்டின் வெறும் நிழல் அல்ல என்று இது சொன்னது.

பிறகு ஜப்பானில் ஒரு குழு, படிகத்தை நெடுநேரம் சூட்டில் வைத்துப் பதப்படுத்திக் குறைகளைப் போக்கியபோது, கோபால்ட் சேராத படிகத்தில் இந்தத் தடை வேறுபாடு பெரிதும் குறைந்ததை 2013இல் காட்டியது. அப்படியானால் வேறுபாட்டில் எவ்வளவு ஒழுங்கின் பங்கு, எவ்வளவு கலந்திருக்கும் அழுக்கின் பங்கு என்ற விவாதம் கிளம்பியது.

இதைவிட அடிப்படையான ஆட்சேபணை ஒன்று உண்டு. இடுக்கி வெறும் ஜன்னல் அல்ல. அது ஒரு கை. இறுக்கிய படிகத்தில் தடை வேறுபாடு, சதுரம் செவ்வகமாகும் வெப்பநிலைக்கு வெகு மேலேயே தலைகாட்டத் தொடங்கியது. அது படிகம் முன்கூட்டியே காட்டும் சாய்வா, இடுக்கி உண்டாக்கிய சாய்வா? கறாராகச் சொன்னால், ஒரு பக்கம் இறுக்கிய கணமே கிழக்கு மேற்கும் வடக்கு தெற்கும் சமமல்ல. சமத்துவம் ஏற்கனவே போய்விட்டது. இல்லாத சமத்துவத்தைப் பொருள் தானாக உடைத்தது என்று சொல்ல வழியில்லை. கூர்மையான மாற்றமாக இருந்த ஒன்று, இறுக்கத்தின் கீழ் மழுங்கிப் படிப்படியான நகர்வாக மாறிவிடுகிறது. அதாவது, ஒழுங்கைப் பார்க்க உதவிய அதே கருவி ஒழுங்கு பிறக்கும் தருணத்தை அழித்துவிட்டது.

5

இந்த இடத்தில் பலர் இரண்டில் ஒன்று செய்வார்கள். கருவி தலையிடுகிறது, ஆகவே எதையும் அறிய முடியாது என்று கையை விரிப்பது ஒன்று. நம்மில் இது அதிகம். தலையீடு சின்னதுதான் என்று கண்ணை மூடிக்கொள்வது இன்னொன்று. அதே குழு 2012இல் மூன்றாவது வழியொன்றைக் காட்டியது. தலையீட்டையே அளவுகோலாக்குவது.

மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் சுருங்கும் ஒருவகைப் பீங்கான் அடுக்கு இருக்கிறது. அதன் மேல் படிகத்தை ஒட்டினார்கள். மின்னழுத்தத்தைக் கூட்டக் குறைக்க, படிகம் பத்தாயிரத்தில் சில பங்கு அளவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல இழுபடும். ஒவ்வொரு இழுப்புக்கும் தடை எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தார்கள். இங்கே கேள்வி 'சாய்ந்தாயா?' என்பதல்ல. 'இவ்வளவு தொட்டால் எவ்வளவு சாய்கிறாய்?' என்பது. கிடைக்கும் விகிதத்துக்கு நம் பாடநூல்களில் நல்ல சொல் இருக்கிறது: ஏற்புத்திறன்.

இதிலிருந்து ஒரு பழைய வழக்குக்குத் தீர்ப்பு வந்தது. செவ்வகமாகும் அணுக்கட்டு எலக்ட்ரான்களை இழுத்துக்கொண்டு போகிறதா, எலக்ட்ரான்கள் அணுக்கட்டை இழுக்கின்றனவா? முட்டையா கோழியா மாதிரிதான். ஆனால் இங்கே பீங்கானோடு ஒட்டியிருப்பதால் அணுக்கட்டின் சாய்வு ஆராய்ச்சியாளரின் கையில். அணுக்கட்டுதான் முதலாளி, எலக்ட்ரான்கள் பின்னால் போகிறவை என்றால், ஒரே அளவு சாய்வுக்கு எந்த வெப்பத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு பதில் வரவேண்டும். வரவில்லை. குளிரக் குளிர, அதே சின்ன இழுப்புக்கு எலக்ட்ரான்களின் பதில் மேலும் மேலும் பெருகி, மாற்றம் நிகழும் வெப்பத்தை நெருங்கும்போது எல்லையில்லாமல் போவதுபோல் உயர்ந்தது. ஆக, எலக்ட்ரான்கள் தாங்களாகவே சாய்வதற்குத் தயாராகிக்கொண்டிருந்தன. அணுக்கட்டு பின்னால் வந்தது. 2016இல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு பல சேர்மங்களிலும், மீக்கடத்தல் உச்சத்தில் இருக்கும் கலவைகளில் இதே தயார்நிலை பெரிதாக இருப்பதைக் காட்டினார்கள்.

இழுக்கிற திசையும் முக்கியம். சதுரத்தின் விளிம்போடு சேர்த்து இழுத்தால் செவ்வகம் வரும். மூலைக்கு மூலை இழுத்தால் சாய்சதுரம் வரும். அப்போது இரும்புக்கும் இரும்புக்கும் உள்ள தூரம் இரண்டு திசையிலும் சமமாகவே நிற்கும். முதல் இழுப்புக்குப் பெரிய பதில், இரண்டாவதற்குச் சொற்பம். வெறுமனே 'அழுத்தினால் மாறும்' என்பதல்ல விஷயம். பொருளுக்குள் இருக்கும் கேள்வியோடு பொருந்துகிற அழுத்தத்துக்குத்தான் அது பதில் சொல்கிறது.

6

காந்தம் என்ன ஆயிற்று? நியூட்ரான்களைப் படிகத்தின் மேல் பாய்ச்சினால் முட்களின் ஒழுங்கை நேராகப் பார்க்கலாம். ஒருபக்க அழுத்தம் காந்த ஒழுங்கு தொடங்கும் வெப்பநிலையை மேலே தள்ளுகிறது என்று 2012இல் காட்டப்பட்டது. திசை ஏற்கனவே முடிவாகிவிட்டால் முட்களுக்கு உறைவது சுலபம். வரிசை ஓடும் திசை தெரிந்தால் முகம் திருப்புவது சுலபம் என்பதுபோல. 2014இல் பெங்செங் டாய் குழுவினர், கோபால்ட்டுக்குப் பதில் நிக்கல் கலந்த படிகங்களை இறுக்கி வைத்து, உறையாத முட்களின் அசைவே இரண்டு திசையில் இரண்டு விதமாக இருப்பதைக் கண்டார்கள். 1990இன் கணக்கோடு இது ஒத்துப்போகிறது.

2018இல் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு மூலம் இன்னொரு அடுக்கு தெரியவந்தது. மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்களே, அதன் தாய்முறை. கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நிக்கலஸ் குர்ரோவின் குழு, இழுபடும் படிகத்தில் ஆர்சனிக் அணுக்கருக்களின் துடிப்பைக் கேட்டது. இடத்தில் கொடுத்த சாய்வு முட்களின் சுழற்சித் திசையிலும் சாய்வாக மாறியிருந்தது. களத்தைச் சற்று நீட்டினால், ஆட்கள் நிற்கும் இடைவெளி மட்டுமல்ல, அவர்கள் தலையாட்டும் விதமும் மாறுகிறது என்று சொல்லலாம். திரிபால் காந்தத்தை வழிநடத்த முடியும் என்ற வாசல் இதனால் திறந்தது.

மீக்கடத்தலுக்கு இந்தச் சாய்வு நல்லதா? 2020இல் வந்த ஓர் ஆய்வில், கோபால்ட் கலந்த படிகத்தை நெமாட்டிக் திசையில் இழுத்தாலும் சரி, அமுக்கினாலும் சரி, மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை வேகமாக விழுந்தது. சாய்வதற்குத் தயாராக இருந்து, ஆனால் சாயாமல் நிற்கும் நிலைதான் மீக்கடத்தலுக்குத் தோதாகத் தெரிகிறது. வெளியிலிருந்து ஒரு பக்கம் சாய்த்துவிட்டால் அந்தத் தத்தளிப்பு அடங்கிவிடுகிறது, ஜோடிகளும் தளர்கின்றன.

இதைப் பொது விதியாக்கி விடக்கூடாது என்பதற்கு இரும்பு செலினைடே சாட்சி. அதில் சுமார் 90 கெல்வினில் நெமாட்டிக் ஒழுங்கு வருகிறது. ஆனால் சாதாரண அழுத்தத்தில் காந்த ஒழுங்கு வருவதே இல்லை. 8, 9 கெல்வினில் மீக்கடத்தல் வந்துவிடுகிறது. திசையைத் தேர்வது முட்களா, எலக்ட்ரான்கள் அணுவைச் சுற்றும் தடங்களா என்ற சர்ச்சை இதனாலேயே இன்றும் ஓயவில்லை.

7

நாலு பக்கமும் சமமாக அழுத்தினால்? அப்போது எந்தத் திசைக்கும் சலுகை இல்லை. சதுரம் சதுரமாகவே சுருங்கும். இரும்பு செலினைடை அப்படி அழுத்தியபோது மீக்கடத்தல் 37 கெல்வின் வரை ஏறியது. நம்மூரில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே உயர் அழுத்த ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கல்பாக்கத்தில் – அணு உலையை எதிர்த்து நம்மில் சிலர் துண்டறிக்கை எழுதிய அதே கல்பாக்கத்தில் – இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் இயற்பியலாளர்கள், நாம் பேசிவரும் பேரியப் படிகத்தை அழுத்தியபோது மீக்கடத்தல் எழுந்ததாக 2009இல் வெளியிட்டார்கள். அதே படிகத்தை மற்ற நாட்டுச் சோதனைச்சாலைகளும் அழுத்தின. ஒவ்வோர் இடத்திலும் மீக்கடத்தல் ஒவ்வோர் அழுத்தத்தில் வந்தது. சில இடங்களில் வரவே இல்லை.

எல்லாரும் கவனமாகத்தான் அளந்தார்கள். பிறகு ஏன்? பேரியத்தின் இடத்தில் கால்சியம் வைத்த படிகத்தின் கதை இதைத் தெளிவாக்கியது. 2008இல் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகக் குழு உட்படச் சிலர் அதைத் திரவத்தில் மூழ்கவைத்து அழுத்தி மீக்கடத்தலைக் கண்டார்கள். திரவம் எல்லாப் பக்கமும் சமமாகத்தான் அழுத்தும். ஆனால் குளிர்வித்தால் திரவம் உறைந்து கட்டியாகும். கட்டி சமமாக அழுத்தாது. 2009இல் ஏம்ஸ் குழுவினரே, மிகக் குறைந்த வெப்பத்திலும் இளகி நிற்கும் ஹீலியத்தை ஊடகமாக வைத்துத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மாற்றங்கள் எல்லாம் கூர்மையாகத் தெரிந்தன, மீக்கடத்தல் இல்லை. முதலில் பார்த்தது பொய்யல்ல. ஆனால் அது அழுத்தத்தின் விளைவு அல்ல, உறைந்த திரவத்தின் ஏற்றத்தாழ்வான பிடியின் விளைவு. எவ்வளவு அழுத்தினாய் என்று மட்டும் கேட்டால் போதாது; எதன் வழியாக அழுத்தினாய் என்றும் கேட்க வேண்டும்.

இங்கே கே. எஸ். கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1898இல் வத்திராயிருப்பில் பிறந்தவர், ராமனோடு சேர்ந்து 1928இல் ராமன் விளைவைக் கண்டவர் என்பது பலருக்குத் தெரியும். அதே ஆண்டின் கடைசியில் அவர் டாக்காவுக்குப் போய்ச் செய்த வேலை அவ்வளவாகத் தெரியாது. ஒரு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் காந்தப் புலத்துக்குள் தொங்கவிடுவார். படிகம் தனக்குத் தோதான திசைக்குத் தானே திரும்பி நிற்கும். பிறகு இழையின் தலையை மெல்லத் திருகுவார். படிகம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, 45 டிகிரிக்கு வந்ததும் சட்டென்று புரண்டுவிடும். அதுவரை எவ்வளவு திருகினார் என்பதே, அந்தப் படிகம் ஒரு திசையை மற்றதைவிட எவ்வளவு விரும்புகிறது என்பதன் அளவு. பானர்ஜி உள்ளிட்ட சகாக்களோடு அவர் வளர்த்தெடுத்த முறை இது. பிடிக்கவில்லை, இடுக்கவில்லை, தொங்கவிட்டுத் திருகிப் பார்த்தார்.

2012இல் கியோட்டோ குழுவொன்று இதன் நவீனப் பேரப்பிள்ளையான முறையில், நுண்ணிய நெம்புகோல் மேல் படிகத்தை வைத்துக் காந்தப் புலத்தைச் சுழற்றி, செவ்வக மாற்றத்துக்கு மேலேயே நெமாட்டிக் சாய்வு தொடங்குவதாக அறிவித்தது. இறுக்கவே இல்லையே, பிறகென்ன? ஆனாலும் கேள்வி எழுந்தது. படிகம் வளர்ந்தபோதே உள்ளே சிக்கிக்கொண்ட திரிபு இருந்தால்? கையை எடுத்துவிட்டாலும், வளர்ந்த கதையின் பிடி உள்ளே இருக்கும். அந்த விவாதம் முழுவதாக முடியவில்லை.

8

பந்தலூரில் உட்கார்ந்து இதையெல்லாம் படிக்கிறவனுக்கு வேறொரு கணக்கும் ஞாபகம் வரும். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த சுமார் 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. 1974இல் அந்த மீதியும் பாதிப் பாதி. எண்ணிக்கை முதலில் முடிவானது. யாருக்கு எந்த நாடு வேண்டும் என்ற பாரம் பிறகுதான் வந்தது. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்த பல்லாயிரம் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. விண்ணப்பம் போட்டவர்கள் இந்தியாவை 'விரும்பித் தேர்ந்தவர்கள்' என்றுதான் காகிதம் சொல்லும்.

அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன், "நீங்கதானேம்மா இந்தியா வேணும்னு எழுதிக் குடுத்தீங்க?"

"எங்கிட்ட யாருடா கேட்டா? கணக்கப்புள்ள பாரத்த நீட்டுனாரு, ஒங்க தாத்தா கைநாட்டு வச்சாரு. பொட்டிய கட்டுன்னாங்க, கட்டுனோம்."

"வேணாம்னு சொல்லணும்னு தோணலியா?"

"வேணும்னும் தோணல, வேணாம்னும் தோணல. அங்கயும் கொழுந்து, இங்கயும் கொழுந்து."

மனிதர்கள் இரும்பு அணுக்கள் அல்ல. அம்மாவின் பதிலை நெமாட்டிக் ஒழுங்குக்கு உதாரணமாக்கினால் சோக்கலிடம் மறுபடியும் குட்டு வாங்க வேண்டியதுதான். ஒரு வித்தியாசத்தைச் சொன்னாலே போதும். படிகத்தை மாற்ற வெப்பத்துக்கு மேலே இழுத்துவிட்டு விட்டால் அது பழைய சதுரத்துக்குத் திரும்பிவிடும். மாற்றத்துக்குக் கீழே குளிரவைத்து இறுக்கிவிட்டு விட்டால், கையை எடுத்த பிறகும் சாய்வில் ஒரு பங்கு தங்கிவிடும். ஆராய்ச்சியாளர் அதையும் சூடேற்றிச் சதுரமாக்கி, முதலிலிருந்து தொடங்கலாம். எங்கள் தாத்தாவுக்கு அந்த வசதி இல்லை.

எனவே நான் இங்கிருந்து எடுத்துப்போவது உருவகத்தை அல்ல, கேட்கும் முறையை மட்டுமே. அழுத்தத்தின் கீழ் வந்த பதிலைப் பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம், விருப்பம் என்று எழுதி வைக்கவும் வேண்டாம். எவ்வளவு அழுத்தினார்கள், எந்தத் திசையில், எதன் வழியாக, கையை எடுத்தபோது என்ன மிஞ்சியது – இந்த நாலையும் எழுதினால்தான் அது சாட்சியம். ஃபிஷர் குழுவும் ஏம்ஸ் குழுவும் தங்கள் முடிவின் மேலேயே இந்தக் கேள்விகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். தாயகம் திரும்பியோர் பற்றிய அரசுக் கோப்புகளிலும், நாம் அவர்களைப் பற்றி எழுதிய கதைகளிலும் கட்டுரைகளிலும் இந்த நாலில் எத்தனை இருக்கின்றன என்று அடுத்த மாதக் கூட்டத்தில் பார்க்கலாம் என்றிருக்கிறோம். முதலில் என்னுடையதிலிருந்து.